வீட்டுக்கு ஒரு சின்ன டியூப் ஆம்ப்: பிராக்டிஸ், ரெக்கார்டிங் ரெண்டுக்கும் எது?

மார்த்தாண்டம் ஸ்ட்ராட்

எல்லாருக்கும் வணக்கம். வீடு மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் நடுவுல. பழைய ஓட்டு வீடு. பின்சுவரைத் தாண்டினா பெரியப்பா வீடு, இடையில ஒரு ஆள் நடந்து போற இடம்தான். என் கையில இருக்கது ஸ்ட்ராட் மாடல் கிட்டார், கம்பி அதிர்வைப் பிடிக்கிற பிக்அப் மூணும் சிங்கிள் காயில் வகை. இதுவரைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ்ல குத்தி லேப்டாப்ல ஆம்ப் சாஃப்ட்வேர் போட்டு ஹெட்போன்ல கேட்டு வாசிச்சுட்டு இருக்கேன். சவுண்டு மோசம் இல்ல. ஆனா பிக்கை மெதுவாத் தொட்டா தெளிவாவும், அழுத்தித் தட்டினா லேசாக் கரகரன்னும் வரணும், கிட்டார் வால்யூமைக் குறைச்சா அந்தக் கரகரப்பு தானா அடங்கணும். சர்ச்சுல மூத்த அண்ணன் ஒருத்தர் கொண்டுவந்த பழைய டியூப் ஆம்புல, அதான் கண்ணாடி வால்வு வச்ச ஆம்புல, அதைக் கையில உணர்ந்தேன். அதுல இருந்து வேற எதுலயும் மனசு நிக்கல.

வாசிக்க நேரம் கிடைக்கது பிள்ளைங்க படுத்தப்புறம், ராத்திரி ஒம்பதுக்கு மேல. சொந்தமா ஓரிரு டியூன் ரெக்கார்ட் பண்ணணும். டிசம்பர் வந்தா கொயருக்கு கிட்டார் டிராக் எடுத்துக் கொடுக்கணும்.

பார்த்து வச்சிருக்கது: மார்ஷல் டிஎஸ்எல்1சிஆர், புகேரா வி5, வாக்ஸ் ஏசி4சி1-12, பிளாக்ஸ்டார் எச்டி-5ஆர். ஃபெண்டர் சாம்ப் ஆசை உண்டு, விலையைப் பார்த்தா எட்டாது. 5 வாட்டுன்னா வீட்டுக்கு ஒத்துவருமா? 1 வாட் போதுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

திங்கள்சந்தை டெலி

மக்கா, ராத்திரி ஒம்பதுக்கு மேலன்னு நீயே சொல்லிட்ட. பின்ன எதுக்கு டியூப்? டியூப் இல்லாம டிஜிட்டலா அந்த சவுண்டைக் கொடுக்கிற மாடலிங் ஆம்ப் இருக்கு, பாஸ் (Boss) கம்பெனி கட்டானா 50 வாங்கு. அரை வாட்டுக்கு இறக்கலாம், யுஎஸ்பி உண்டு, ஹெட்போன் உண்டு, டியூப் மாத்துற செலவு கிடையாது. இல்லாட்டி யமஹா டிஎச்ஆர், மேசை மேல வச்சு வாசிக்கலாம். ரெண்டும் நான் வாசிச்சுப் பார்த்துத்தான் சொல்லுதேன்.

கோட்டாறு வால்வு

தம்பி, முதல்ல இந்த வாட் கணக்கைத் தெளிவு பண்ணிக்கிடுவோம். பாதிப் பேர் காசை விடுறது இதுலதான்.

கிட்டார் ஸ்பீக்கர்கள் வீட்டு ஹைஃபை ஸ்பீக்கர் மாதிரி இல்ல. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தா 97, 98 டெசிபல் சாதாரணமா வரும். செலஸ்டியன் கிரீன்பேக் 98, வின்டேஜ் 30 சரியா 100. பத்து மடங்கு பவர் கூடினா 10 டெசிபல் கூடும், காதுக்கு அது ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தமாத் தெரியும். அப்போ 50 வாட் ஆம்புக்கும் 5 வாட் ஆம்புக்கும் உள்ள வித்தியாசம் பத்து மடங்கு இல்ல, பாதிச் சத்தம். அவ்வளவுதான். 97 டெசிபல் ஸ்பீக்கருக்கு 5 வாட் போனா 104 டெசிபல். நாம ஒருத்தருக்கொருத்தர் சாதாரணமாப் பேசுறது 60 சுமார். 1 வாட்டுக்கு இறங்கினாலும் 97 இருக்கு. 0.1 வாட்டுல 87. உன் பெரியப்பா வீட்டுக்கு அதுவும் நல்லாக் கேக்கும்.

அதனால "5 வாட் சின்னது, வீட்டுக்குத்தான்" அப்படின்னு கடையில சொன்னா நம்பாத. முழுசாத் திறந்து வச்ச 5 வாட் டியூப் ஆம்ப் ஒரு டிரம்மர் பக்கத்துல நிக்கலாம். நீ ஆசைப்படுற அந்தக் கரகரப்பு எந்த இடத்துல பிறக்குதுங்கறதுதான் கேள்வி. பழைய சாம்ப், பழைய ஏசி4 வகையில மாஸ்டர் வால்யூம் கிடையாது, ஸ்பீக்கரை ஓட்டுற கடைசி டியூபான பவர் டியூபைத் தள்ளினாத்தான் சவுண்டு உடையும், அதாவது கரகரக்கும். சாம்ப்ல ஒரே ஒரு 6வி6, ஏசி4ல ஒரே ஒரு இஎல்84. தள்ளணும்னா சத்தம் வந்தே தீரும். டிஎஸ்எல்1, எச்டி-5 வகையில கரகரப்பைக் கூட்டுற கெயின் தனி, மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டர் தனி. முன்னால இருக்க 12ஏஎக்ஸ்7ங்கற ப்ரீஆம்ப் டியூப் கட்டத்துலயே உடைச்சுட்டு வெளியே போற அளவைக் குறைச்சுக்கிடலாம். உன் நேரத்துக்கு ரெண்டாவது வகைதான். முதல் வகைதான் அழகு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அதுக்கு விளைக்கு நடுவுல தனி வீடு வேணும்.

முட்டம் கரை

கடல் பக்கம் இருக்கவங்களுக்காக ஒண்ணு சொல்லணும். உப்புக் காத்து ஜாக், பொட்டன்ஷியோமீட்டர், டியூப் சாக்கெட் எல்லாத்தையும் தின்னும். வால்யூமைத் திருப்புறப்ப கரகரன்னு வந்தா டியூப் போச்சுன்னு பயப்படாதீங்க, பாதி நேரம் அழுக்குதான். எலக்ட்ரானிக்ஸ் கடையில காண்டாக்ட் கிளீனர்னே கேட்டு வாங்குங்க, பூட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். ஆம்பைச் சுவரை ஒட்டி வைக்காதீங்க. ஆனி, ஆடி ஈரத்துல பின்பக்கம் பூஞ்சை பிடிச்சு, ஸ்பீக்கர் பேப்பர் வரைக்கும் வரும். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை போட்டு வாசிச்சா டியூப் சூடே உள்ள இருக்க ஈரத்தை விரட்டிரும். மூடி வச்ச ஆம்புதான் சீக்கிரம் கெடும்.

தக்கலை கொயர்

ரெக்கார்டிங் பத்தி யாரும் பேசல. நான் அதைத்தான் பேச வந்தேன்.

நம்ம குமரி மாவட்டத்துல மைக் வச்சு கிட்டார் எடுக்கது லேசு இல்ல. ஜூன்ல தென்மேற்கு தொடங்கும், அது அடங்கி மூச்சு விடுறதுக்குள்ள அக்டோபர்ல வடகிழக்கு வந்துரும். ரெண்டு மழையும் நமக்கு உண்டு. ஓட்டு மேல மழை விழுற சத்தம் எந்த மைக்கையும் விடாது. காலைல மீன்கார வண்டி ஹாரன், சாயங்காலம் ஏதோ ஒரு கோயில்ல இருந்து ஒலிபெருக்கி. நாய் தனி. கொயர் டிராக் எடுக்கிற காலம் சரியா வடகிழக்கு மழைக் காலம். இதை மனசுல வச்சு ஆம்ப் வாங்கணும்.

அதனால என் அபிப்பிராயம்: லைன் அவுட், அதாவது மைக் இல்லாம வயர் குத்தி நேரா ரெக்கார்ட் பண்ற வழி, இருக்கிற ஆம்ப் பாரு. வெறும் லைன் அவுட் இல்ல, ஸ்பீக்கர் வழியா வாற மாதிரி சவுண்டை மாத்திக் கொடுக்கிற ஸ்பீக்கர் எமுலேஷன் உள்ளது. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸ் தாண்டினா வேகமா விழுந்துரும். அந்த வெட்டு இல்லாம நேரா எடுத்தா கொசு ரீங்காரம் மாதிரி காதைக் குத்தும். டிஎஸ்எல்1சிஆர், டிஎஸ்எல்5சிஆர் ரெண்டுலயும் எமுலேட்டட் அவுட் உண்டு. எச்டி-5ஆர் மார்க் 2 வாங்கினா யுஎஸ்பியே உண்டு, லேப்டாப்ல நேராக் குத்தலாம்.

வாக்ஸ் ஏசி4சி1ல அப்படி ஒண்ணும் கிடையாது. அதுதான் வேணும்னா டூ நோட்ஸ் கேப்டர் போல, ஸ்பீக்கருக்குப் பதிலா ஆம்போட பவரை வாங்கிக்கிற ஒரு லோட் பாக்ஸ் தனியா வாங்கணும். ஆம்போட ஸ்பீக்கர் அவுட்டை அதுல குத்தி, அதுல இருந்து இன்டர்ஃபேஸுக்கு எடுத்து, கம்ப்யூட்டர்ல கேபினட் இம்பல்ஸ், அதான் ஸ்பீக்கர் பெட்டியோட சவுண்டைப் பதிஞ்சு வச்ச ஃபைல், போடணும். சவுண்டு அருமையா வரும், செலவும் அப்படியே வரும்.

கோட்டாறு வால்வு

> ஆம்போட ஸ்பீக்கர் அவுட்டை அதுல குத்தி

இதுல ஒரு எச்சரிக்கை, பெரிய எழுத்துல படிச்சுக்கிடுங்க. ஸ்பீக்கரும் இல்லாம லோட் பாக்ஸும் இல்லாம டியூப் ஆம்பை ஓட்டவே கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்ப் பொறுக்கும், இது பொறுக்காது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்ல மின்னழுத்தம் தாறுமாறா ஏறி உள்ளுக்குள்ளயே பொறி தாவும். சுருள் போனா அந்த டிரான்ஸ்ஃபார்மரை மாத்துறதுக்குப் புது ஆம்பே வாங்கிரலாம்னு தோணும். ஸ்பீக்கரைக் கழத்திட்டு ஹெட்போன்ல கேக்கலாமான்னு என்கிட்ட நிறைய பையனுங்க கேப்பாங்க. உள்ளேயே லோட் வச்ச மாடலா இருந்தா மட்டும்தான் முடியும், கையேட்டுல தெளிவாப் போட்டிருக்கும். போடலைன்னா கூடாது.

8 ஓம் அவுட்டுக்கு 8 ஓம் ஸ்பீக்கர், 16க்கு 16. இதுலயும் "பரவால்ல" கிடையாது.

மார்த்தாண்டம் ஸ்ட்ராட்

எல்லாருக்கும் நன்றி. கோட்டாறு அண்ணாச்சி சொன்ன கணக்கு இதுவரைக்கும் எனக்கு யாரும் சொல்லாதது. மாஸ்டர் வால்யூம் உள்ளதுதான்னு முடிவு பண்ணியாச்சு.

இன்னொரு கேள்வி. சித்தப்பா மகன் அமெரிக்காவுல இருந்து கிறிஸ்மஸுக்கு வாறான். அங்க விலை குறைவு, ஒண்ணு தூக்கிட்டு வரட்டான்னு கேக்கான். மச்சான் ஒருத்தன் துபாய்லயும் இருக்கான். எங்க இருந்து கொண்டுவந்தா நல்லது?

கோட்டாறு வால்வு

துபாய்னா கொள்ளாம். அங்கயும் 50 ஹெர்ட்ஸ், நம்ம 230 வோல்ட்டுக்குப் பக்கம்தான். பிளக் மட்டும் பிரிட்டிஷ் மூணு பட்டைக் கம்பி. அந்த பிளக்கை வெட்டிட்டு நம்ம பிளக் போடுறப்ப பச்சை வயரை விட்டுராம எர்த்துல இணைக்கணும். ரெண்டு முள் அடாப்டர் போட்டு எர்த்தைக் கொல்லுற வேலை வேண்டவே வேண்டாம்.

அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேராக் குத்தினா அந்த நொடியே ஃப்யூஸ் போகும், ஃப்யூஸ் காப்பாத்தலைன்னா டிரான்ஸ்ஃபார்மரே போகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வச்சா ஓடும். ஆனா 60க்குச் செஞ்ச டிரான்ஸ்ஃபார்மர் 50ல கூடுதல் சூடாகும், நம்ம சித்திரை வெயில்ல அதையும் சேத்துக் கணக்குப் போடு. சில மாடல்கள்ல உள்ளே வயரை மாத்திக் கட்டி 230 ஆக்கலாம், சிலதுல முடியாது. வாரண்டியும் இங்க செல்லாது. விலை வித்தியாசம் இதுலயே கரைஞ்சு போகும் தம்பி.

கரண்ட் பேச்சு வந்ததால இன்னும் கொஞ்சம் சொல்லுதேன். டியூபோட ஹீட்டர் 6.3 வோல்ட்டுக்குச் செஞ்சது, பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். உங்க பக்கம் ராத்திரி எல்லாரும் ஏசி போட்டதும் 190க்கு இறங்குதுன்னு வை. 6.3 இருக்க வேண்டிய இடத்துல 5.2தான் வரும். டியூப் சரியாச் சூடாகாது, சவுண்டு செத்துப் போகும், நாள்பட டியூபும் கெடும். 250 போனா 6.85, அது எல்லைக்குள்ளதான். ஆக நம்ம ஊர்ல ஆபத்து மேல போறதை விடக் கீழ இறங்குறதுல இருக்கு. மல்டிமீட்டரை எடுத்து நீ வாசிக்கிற நேரத்துல ஒரு வாரம் அளந்து பாரு. 207க்குக் கீழ அடிக்கடி போனா ஒரு ஸ்டெபிலைசர் போடு.

இன்வர்ட்டர்ல ஓட்டுறதா இருந்தா சைன் வேவ் தானான்னு பாத்துக்கிடு. சதுர அலை இன்வர்ட்டர்ல ஆம்ப் 'உர்ர்'னு உறுமும், டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகும்.

எல்லாத்துக்கும் முன்னால எர்த். ஓட்டு வீட்டுல எர்த் குழி வெயில் காலத்துல காய்ஞ்சு கிடக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லு. மின்கசிவு வந்தா கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இல்லைன்னா போடு. ஆம்ப் வாங்குற காசுல இருந்து எடுத்தாலும் சரி, இதை முதல்ல பண்ணு. கிட்டார் கம்பியில விரலும் மைக்குல உதடும் ஒரே நேரத்துல பட்டுச் சுர்ருன்னு இழுத்ததை எத்தனையோ மேடையில பார்த்தாச்சு. எர்த் சரியில்லாத இடத்துல அது சுர்ருன்னு மட்டும் நிக்கணும்னு இல்ல.

பத்மநாபபுரம் ரிதம்

வணக்கம். நான் வாக்ஸ் 4 வாட், 12 இன்ச் ஸ்பீக்கர் வச்சிருக்கேன். எல்லாரும் லைன் அவுட், லைன் அவுட்னு சொல்றதால மறுபக்கமும் சொல்லணும்னு எழுதுறேன்.

மைக்ல வாற சவுண்டு வேற தம்பி. ஷூர் எஸ்எம்57 ஒண்ணு, ஸ்பீக்கர் நடுக்குமிழும் பேப்பரும் சேருற கோட்டுக்கு நேரா, ரெண்டு விரல் தள்ளி. கூர்மையா இருந்தா வெளிப்பக்கம் நகர்த்து, மங்கலா இருந்தா உள்பக்கம். ஈக்வலைசரைத் தொடாமலே மைக்கை ஒரு இன்ச் நகர்த்திச் சரி பண்ணிரலாம். நான் மழை இல்லாத மதியம் மூணு மணிக்கு எடுப்பேன், ஊரே தூங்கும் அந்த நேரம். லைன் அவுட்ல அறையும் இல்ல, காத்தும் இல்ல. என் காதுக்கு அது தட்டையாக் கேக்கு.

ஸ்பீக்கர் அளவையும் யோசி. டிஎஸ்எல்1, புகேரா வி5 ரெண்டும் 8 இன்ச், சின்னப் பெட்டி. பாஸ் கம்மி, கார்டு பிடிச்சா நெருக்கிக்கிட்டு நிக்கும். வெளியே 12 இன்ச் கேபினட் ஒண்ணு மாட்டிப் பார், அதே ஆம்புதானான்னு கேப்ப. நான் வாட்டை விட இதைத்தான் முதல்ல பார்ப்பேன்.

அப்புறம் உன் மூணு சிங்கிள் காயில். அந்த வகை பிக்அப்புக்கு இயல்பாவே வாற ஹம், அதான் 'ம்ம்'ங்கற இரைச்சல், டியூப் ஆம்புல லேப்டாப்ல இருந்ததை விட அதிகமாத் தெரியும். அறையில ஃபேன் ரெகுலேட்டர் என்ன வகைன்னு பார். டிம்மர் மாதிரி தொடர்ந்து திரும்புற எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்ட் அலையை வெட்டி வெட்டிக் கொடுக்கும், அது அப்படியே பிக்அப்ல ஏறும். ஸ்டெப் ஸ்டெப்பா ஒண்ணு ரெண்டு மூணுன்னு திரும்புற கெப்பாசிட்டர் வகை மாத்தினா அந்த இரைச்சல் பெரும்பாலும் போயிரும். ஆம்பை வாங்கிட்டு ஆம்பைக் குறை சொல்லுறதுக்கு முன்னால ஃபேனை ஆஃப் பண்ணிப் பாரு.

திங்கள்சந்தை டெலி

அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனா என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. 0.1 வாட்டுக்கு இறக்கி வாசிச்சா ஸ்பீக்கர் அசையவே அசையாது. காதும் அப்படித்தான், சத்தம் குறைஞ்சா பாஸும் டிரபிளும் கம்மியாத்தான் கேக்கும். ஃப்ளெச்சரும் மன்சனும் 1933லயே அளந்து எழுதி வச்சாச்சு. அப்போ ராத்திரி வாசிக்கிறவனுக்கு டியூப்ல கிடைக்கிறதுல பாதி வீணாத்தானே போகும்? மாடலிங் ஆம்ப்னா குறைஞ்ச சத்தத்துலயே நல்லாக் கேக்கிற மாதிரி செட் பண்ணிக்கிடலாம். இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, நான் போறேன்.

கோட்டாறு வால்வு

நல்ல கேள்வி, நேர்மையான கேள்வி. நீ சொல்றதுல உண்மை இருக்கு. சத்தம் குறைஞ்சா கனம் போகும், அதை எந்த டியூபும் திருப்பித் தராது.

ஆனா தம்பி கேட்டது கனம் இல்ல. மெதுவாத் தொட்டா ஒண்ணு, அழுத்தித் தட்டினா ஒண்ணு, வால்யூமைக் குறைச்சா அடங்கணும். அது டியூப் கட்டத்துக்குள்ளயே நடக்கிற விஷயம், ஸ்பீக்கர் அசையுறதுக்கு முன்னாலயே நடந்துருது. டிஎஸ்எல்1, எச்டி-1 மாதிரி 1 வாட் ஆம்புகள்ல பவர் டியூபே ஒரு ஈசிசி82. சின்ன டபுள் டிரையோடு, அதாவது ஒரே கண்ணாடிக்குள்ள ரெண்டு வால்வு. குறைஞ்ச பவர்லயே அதுவும் நிஜமா உடையும். எச்டி-5ல 12பிஎச்7, அதுவும் அந்த இனம்தான். இஎல்84 தர்ற மணியோசை அதுல வராது, ஒத்துக்கிடுதேன். தொடு உணர்வு குறையாது. மாடலிங் ஆம்பும் இப்ப வெகுதூரம் வந்தாச்சு. ஆனா அந்த உணர்வைத் தேடித்தான் லேப்டாப்பை விட்டுட்டு இவன் இங்க வந்து கேக்கான்.

செலவுக் கணக்கும் சொல்லிருதேன். டியூப் மாத்துறதுக்குப் பயப்பட வேண்டாம். வீட்டுல வாசிக்கிறவனுக்கு ப்ரீஆம்ப் டியூப் பல வருஷம் ஓடும். ஸ்லோவாக்கியாவுல செய்யுற ஜேஜே, ரஷ்யாவுல செய்யுற எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் ரெண்டும் இந்தியாவுல ஆன்லைன்ல கிடைக்கு. ஒரு காலத்துல நமக்கு அந்தக் கவலையே இல்ல, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961லயே ரேடியோ வால்வு செய்யத் தொடங்கிருச்சு. பழைய வால்வு ரேடியோ பார்த்த மெக்கானிக் வடசேரிப் பக்கம் இன்னும் ஒண்ணு ரெண்டு பேர் இருக்காங்க, அவங்களுக்கு இந்த ஆம்ப் சர்க்கியூட் புரியாத விஷயமே இல்ல.

ஆனா நீயா பின்மூடியைத் திறக்காத. பிளக்கைப் பிடுங்கி வச்ச பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்ல இருநூறு முந்நூறு வோல்ட் தங்கி நிக்கும். ஆள் போயிரும்.

திங்கள்சந்தை டெலி

செரி அண்ணாச்சி, ஏத்துக்கிடுதேன். தம்பிக்கு வேண்டியது அதுதான்னா டியூப் வாங்கட்டு. இடி மின்னல் மட்டும் சொல்லிருங்க, ஐப்பசி வருது.

கோட்டாறு வால்வு

ஸ்விட்சை ஆஃப் பண்ணா மட்டும் போதாது. பிளக்கையே உருவிரணும். யுஎஸ்பி வயர் லேப்டாப்போட இணைஞ்சிருந்தா அதையும்.

மார்த்தாண்டம் ஸ்ட்ராட்

கிட்டாரைத் தூக்கிட்டு திருவனந்தபுரம் போய்ட்டு வந்தாச்சு. நம்ம ஊர்ல டியூப் ஆம்ப் வச்சு வாசிச்சுப் பார்க்க விடுற கடை எனக்குக் கிடைக்கல. அங்க டிஎஸ்எல்1சிஆர், எச்டி-5ஆர் மார்க் 2 ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, கோட்டாறு அண்ணாச்சி சொன்ன மாதிரி மாஸ்டரை ராத்திரி அளவுக்கு இறக்கி வச்சே வாசிச்சேன். கடைக்காரர் ஏத்தி வாசிங்கன்னு சொன்னார், நான் ஏத்தல.

மார்ஷல் கெயின்ல கூர்மை அதிகம், கனமான பாட்டுக்கு அது ரொம்பப் பொருந்தும். ஆனா 8 இன்ச் பெட்டி, அக்கா சொன்ன நெருக்கம் கார்டு பிடிச்சதும் தெரிஞ்சது. பிளாக்ஸ்டார் 12 இன்ச். அரை வாட்டுல வச்சு, கிளீன் சேனல்ல வால்யூமைக் கொஞ்சம் ஏத்தி, நடு பிக்அப்ல மெதுவாத் தொட்டேன். அழுத்தினேன். கிட்டார் வால்யூமை 6க்குக் குறைச்சேன். நான் கேட்டது அங்க இருந்தது. எச்டி-5ஆர் தான் எடுக்கேன். மழைக்கு யுஎஸ்பி, மழை விட்ட மதியத்துக்கு மைக். எஸ்எம்57 கொயர்ல இருந்தே வாங்கிக்கிடலாம்.

கரண்டை அளந்ததுல ராத்திரி பத்து மணிக்கு 198 வரை இறங்குது, அதனால ஸ்டெபிலைசரும் சேத்து. எலக்ட்ரீஷியன் நாளைக்கு வாறார். ஃபேன் ரெகுலேட்டர் தொடர்ந்து திரும்புற வகைதான் அக்கா, அதையும் அவர்கிட்டயே மாத்தச் சொல்லிட்டேன்.

பத்மநாபபுரம் ரிதம்

நல்ல முடிவு. முதல் டிராக் எடுத்ததும் இங்க போடு. யுஎஸ்பில ஒண்ணு, மைக்ல ஒண்ணு, அதே பாட்டு.

கோட்டாறு வால்வு

ஸ்டெபிலைசர் வாங்குறப்ப சின்ன ரிலே வகைன்னா மாறும்போது 'டக்'குனு ஒரு சத்தம் டிராக்ல விழும். ரெக்கார்ட் பண்றவனுக்கு செர்வோ வகை நல்லது, கொஞ்சம் விலை கூடுதல். ஆம்ப் பின்னால போட்டிருக்கிற ஃப்யூஸ் மதிப்பைப் பார்த்து அதே அளவுல ரெண்டு வாங்கி வச்சுக்கிடு. மதிப்புக்கு முன்னால 'டி'ன்னு இருந்தா மெதுவா உருகுற வகை, அதையே கேட்டு வாங்கணும். கடையில இல்லைன்னு வேற அளவு எதையும் போட்டுராத.